ஃபைட்டர் மீன் ஜோடி போட்டுக் குஞ்சு எடுப்பது எப்படி?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஃபைட்டர் வாங்கி மேசையில் வைப்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். குஞ்சு எடுப்பது தனி ஆட்டம். இதில் முதல் வேலை ஜோடி தேடுவதல்ல, குஞ்சுத் தீனி. பொரித்த பிறகு தீனிக்கு அலைந்தால் அதற்குள் பாதிக் குஞ்சு பட்டினியில் போய்விடும்.

ஜோடி சேர்ப்பதற்கு 2 நாள் முன்பே 1 லிட்டர் ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றி, கட்டைவிரல் அளவு காய்ந்த வாழைப்பழத் தோலைப் போடுங்கள். வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். முதலில் பால் மாதிரி கலங்கி நாறும், அது பாக்டீரியா. அப்போதே எடுத்து ஊற்றினால் தொட்டி கெட்டுவிடும். 5 நாளைப் போல ஆனதும் தண்ணீர் தெளியும். பாக்டீரியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகியதன் அடையாளம் அது. டார்ச் அடித்துப் பார்த்தால் தூசு தானே நகர்வது தெரியும். இதுதான் இன்ஃபுசோரியா.

ஜோடிக்கு 4 முதல் 6 மாத மீன் சரியாக இருக்கும். பெண்ணின் வயிறு உப்பி, அடியில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ஒரு வாரம் உயிர்த்தீனி கொடுத்துத் தேற்றுங்கள். கொசுப்புழு அருமையான தீனிதான். ஆனால் அதற்காக மொட்டைமாடியில் டிரம்மைத் திறந்து வைத்தால் மாநகராட்சி ஆட்கள் வந்து கவிழ்த்துவிட்டுப் போவார்கள். டெங்கு ஊரில் அது நியாயமும்கூட. மொய்னா என்ற நீர்ப்பூச்சி போதும்.

20 லிட்டர் டப்பில் தண்ணீர் 5 அங்குல உயரம்தான் இருக்க வேண்டும். ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரையால் கூடு கட்டும்; அதிலிருந்து விழும் முட்டையை ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி மேலே கொண்டுபோகும். ஆழம் கூடினால் களைத்துவிடும். மெட்ரோ வாட்டரை 24 மணி நேரம் திறந்த பக்கெட்டில் வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து உப்பு போர் தண்ணீர் வேண்டாம். தெருவோர நாட்டு பாதாம் மரத்தடியில் உதிர்ந்த பழுப்பு இலை இரண்டைக் கழுவிப் போட்டால் பூஞ்சை குறையும், கூடு கட்டவும் பிடிமானம் கிடைக்கும். பச்சை இலை அழுகும். டப்பைக் கண்ணாடியால் மூடிவிடுங்கள்.

ஆணை விட்டு, பெண்ணை அடி வெட்டிய பாட்டிலுக்குள் அதே டப்பில் நிறுத்துங்கள். ஆண் நுரைக்கூடு கட்டி, பெண்ணுக்கு உடலில் குறுக்குக் கோடுகள் விழுந்ததும் பாட்டிலை எடுக்கலாம். தலையிலிருந்து வால்வரை நீளக் கோடு இருந்தால் அது பயம். இன்னொரு நாள் பொறுங்கள். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் கடித்தே கொன்றுவிடும். ஆண் முட்டையைத் தின்றால் பெரும்பாலும் டப்பை எட்டி எட்டிப் பார்த்ததுதான் காரணம். அல்லது முதல் தடவை ஆணாக இருக்கும். அடுத்த முறை தேறிவிடும்.

சுமார் 36 மணி நேரத்தில் பொரியும். வால் கீழே தொங்க, கூட்டில் கமா போல நிற்கும். மேலும் 2, 3 நாளில் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கியதும் ஆணை எடுத்துவிட்டு இன்ஃபுசோரியாவை ஊற்றுங்கள். 4 நாளுக்குப் பின் ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறால்: 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை, இடைவிடாமல் ஏர் பம்ப், ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறப் பொடியாக நெளியும். உப்புப் போக அலசிக் கொடுங்கள். உப்பு மிச்சம் என்று காசிமேட்டுக் கடல்நீரைப் பிடிக்காதீர்கள், டீசல் கலந்திருக்கும். கோழி முட்டை மஞ்சள் கரு போடுவதும் தண்ணீரைக் கெடுக்கிற வேலை.

2 மாதம் தாண்டினால் ஆண்கள் அடித்துக்கொள்ளும். குஞ்சில் பாதி ஆண் என்று வைத்து ஜாடிகளை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். நிறத்தையும் அப்போது எண்ணிக் குறியுங்கள். ராயல் புளூ ஜோடிக்கு எல்லாமே ராயல் புளூவாகப் பிறக்காது. 80 குஞ்சில் சுமார் 40தான் அப்படி வரும், மிச்சம் 20 ஸ்டீல் புளூ, 20 பச்சை. பாடப்புத்தகத்து மரபியல் விகிதமான 1:2:1 பிளாஸ்டிக் டப்பிலேயே வந்து நிற்கும். ஸ்டீல் புளூவையும் பச்சையையும் ஜோடி போட்டால்தான் அத்தனையும் ராயல் புளூ. இடமில்லை என்று மிச்ச மீனை ரெட்டேரியில் விட்டுவிடாதீர்கள். இது நம் ஏரி மீன் இல்லை, தாய்லாந்துப் பக்கத்து மீன்.