அப்டேட்டுக்குப் பிறகு புளூடூத்தில் சத்தம் வரவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், தூணோரமாக ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் இருக்கும். விளக்கு வைத்ததும் அப்பத்தா முருகன் பாட்டுக் கேட்பார்கள். பாட்டு ஓடுவது என் லேப்டாப்பில். அதில் ஓடுவது லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன். அதன் 11-ஆம் பதிப்பை 12 ஆக்கி, கையோடு ஒலியைக் கையாளும் மென்பொருளையும் பழைய பல்ஸ்ஆடியோவிலிருந்து புதிய பைப்வயருக்கு மாற்றிய அன்று, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, இன்னைக்குப் பாட்டு இல்லையா?" என்று அப்பத்தா இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். அன்று நான் செய்த தவறுகளும், பிறகு சொந்தக்காரர்கள் மெஷினைப் பார்க்கப் போன இடங்களில் கண்ட தவறுகளும்தான் இங்கே இருப்பவை.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் முதலில் பழி போடுவது சுவர் மேல். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கனம் தெரிந்ததுதான்; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டும்போது பலம் குறையும், உண்மை. ஆனால் நேற்றும் அதே சுவர்தானே இருந்தது? சுவரால் வரும் கோளாறில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். அப்டேட்டால் வரும் கோளாறில் பெரும்பாலும் ஒன்று இணையவே இணையாது, அல்லது இணைந்தும் ஒலிப் பட்டியலில் ஸ்பீக்கரின் பெயர் இருக்காது.

குறை புளூடூத் பக்கமா, ஒலிப் பக்கமா என்று பிரித்துப் பார்க்காமல் கை வைப்பதுதான் பெரிய தவறு. லினக்ஸில் புளூடூத் கருவியோடு கைகோர்ப்பது புளூஸி என்ற மென்பொருள். ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பைப்வயர். எதை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பது வயர்பிளம்பர். லேப்டாப்பின் புளூடூத் அடாப்டரே காணோம் என்றால் கர்னலையும் (லினக்ஸின் மையப் பகுதி) ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) பாருங்கள். அடாப்டர் இருக்கிறது, இணைக்கப் போனால் 'ப்ரொஃபைல் அன்அவெய்லபிள்' என்று முடிகிற ஒரு பிழை வருகிறது என்றால் குறை ஒலிப் பக்கத்தில்.

எனக்கு வந்தது இரண்டாவது. அப்போதே, டெபியனில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட்டின் ஹிஸ்டரி லாக்கைத் திறந்திருக்க வேண்டும். எந்த பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) வந்தது, எது போனது என்று தேதி நேரத்தோடு அதில் இருக்கும். நான் திறக்கவில்லை. எப்போதோ குறித்து வைத்திருந்த பழைய வழியைப் பார்த்து, பல்ஸ்ஆடியோவின் புளூடூத் மாட்யூலைத் திரும்ப நிறுவினேன். அது பல்ஸ்ஆடியோவையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒரே வேலைக்கு இரண்டு பேர் நின்று நிலைமை இன்னும் மோசமானது. ராத்திரி லாக்கைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று இருந்தது: 'ரிமூவ்' வரியில் அந்தப் பழைய மாட்யூல் போயிருந்தது, 'இன்ஸ்டால்' வரியில் பைப்வயர் வந்திருந்தது, அதற்குத் துணையாக வரவேண்டிய 'லிப்ஸ்பா-0.2-புளூடூத்' மட்டும் வரவில்லை. அந்த ஒரு பேக்கேஜ்தான் குறை.

ஆகவே எந்தக் குறிப்பைப் பின்பற்றும் முன்பும் அது எழுதப்பட்ட வருடத்தைப் பாருங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2021-இல் 34-ஆம் பதிப்பிலேயே பைப்வயருக்குப் போய்விட்டது. உபுண்டு என்ற இன்னொரு வகை 2022 அக்டோபரில் வந்த 22.10-இல் போனது. உங்கள் மெஷினில் எது ஓடுகிறது என்று டெர்மினலில் 'பாக்டிஎல் இன்ஃபோ' என்ற கட்டளை சொல்லும். அதில் சர்வர் பெயர் 'பல்ஸ்ஆடியோ' என்று தொடங்குவதைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடாதீர்கள். என் மெஷினில் அந்த வரி முழுதாக 'பல்ஸ்ஆடியோ (ஆன் பைப்வயர் 0.3.65)' என்று இருந்தது. ஓடுவது பைப்வயர்தான்.

அப்புறம், எதற்கெடுத்தாலும் கட்டளைக்கு முன்னால் சுடோ (நிர்வாகி அதிகாரம்) போடும் பழக்கம். புளூடூத் சர்வீஸை மறுபடி தொடங்க சுடோ வேண்டும், சரி. ஆனால் பைப்வயரும் வயர்பிளம்பரும் உங்கள் கணக்கின் கீழ் ஓடுபவை. சுடோ இல்லாமல், சர்வீஸ்களைத் தொடங்கவும் நிறுத்தவும் உதவும் சிஸ்டம்சிடிஎல் கட்டளைக்கு 'யூசர்' என்ற ஆப்ஷனைக் கொடுத்துத்தான் அவற்றைத் தொடங்க வேண்டும்.

வயர்பிளம்பருக்கு லூவா என்ற நிரல் மொழிக் கோப்பில் அமைப்பு எழுதி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2024-இல் வந்த 0.5 பதிப்பு அந்தக் கோப்புகளை ஏற்பதில்லை. டெபியன் 13-க்குப் போனால் அந்த வரிசைதான் வரும். கோபத்தில் கான்ஃபிக் ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். பெயரை மாற்றி வைத்தால் போதும்; எழுதியதைப் பார்த்துப் புது வடிவில் எழுதிக்கொள்ளலாம்.

தேவகோட்டையில் சித்தி மகள் ஒருமுறை கூப்பிட்டாள். "அண்ணே, அப்டேட்டுக்கு அப்புறம் ஹெட்செட் கெட்டுப்போச்சு, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள். புது ஹெட்செட் வாங்கவே கிளம்பிவிட்டாள். போய்ப் பார்த்தால் ஆன்லைன் வகுப்பு திறந்தே இருந்தது. ஹெட்செட்டின் மைக்கை ஒரு செயலி பிடித்ததும், நல்ல ஒலி தரும் ஏ2டிபி ப்ரொஃபைலிலிருந்து தொலைபேசிப் பேச்சுக்கான ஹெச்எஃப்பிக்கு இணைப்பு மாறிவிடும். அதில் வருவது மோனோ ஒலி, தரமும் குறைவு. மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, ப்ரொஃபைலை ஏ2டிபிக்கு மாற்றினோம். அதே ஹெட்செட்டில் பாட்டு தெளிவாகக் கேட்டது.

அடாப்டரே காணாமல் போனவர்கள் ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். ரீஸ்டார்ட்டில் புளூடூத் சிப்புக்கு மின்சாரம் நிற்காமலே போகலாம். முழுவதும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். அதிலும் வரவில்லையென்றால் மெஷின் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் குறை புதுக் கர்னலில்தான். இந்தச் சோதனை முடியும்வரை பழைய கர்னலை நீக்கவே நீக்காதீர்கள்.

ஸ்பீக்கரை நீக்கிவிட்டுப் புதிதாக இணைப்பதை இத்தனைக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் லேப்டாப்பில் மட்டும் நீக்கினால் போதாது. ஸ்பீக்கரையும் பேரிங் நிலைக்கு (புதிதாக இணையத் தயாராகும் நிலை) கொண்டுவர வேண்டும். இணைந்ததும் அது நம்பகமான கருவி என்று லேப்டாப்பில் 'டிரஸ்ட்' கொடுக்க மறந்தால், அடுத்த சாயங்காலம் ஸ்பீக்கரைப் போட்டதும் அது தானாக இணையாமல் நிற்கலாம்.