மேடைக் கச்சேரியில் மிக்சர் வழியாக ரிவெர்பும் டிலேயும் சேர்ப்பது எப்படி?

மெல்லிசை மேடையில் பாடகரின் குரல் வறண்டு கேட்டால் நம் கை உடனே எஃப்எக்ஸ் (எஃபெக்ட்) குமிழுக்குத்தான் போகிறது, கொஞ்ச நேரத்தில் பாட்டு வரி ஒன்றும் புரியாமல் போய்விடுகிறது. ரிவெர்ப் என்பது பெரிய அறையில் பாடினால் குரல் நீடித்து ஒலிப்பது போன்ற எஃபெக்ட், டிலே என்பது அதே குரல் சற்றுத் தாமதித்து மறுபடி கேட்பது. எஃபெக்டை எந்த வழியாக அனுப்பி எந்த வழியாகத் திரும்ப வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். அது சரியாக அமைந்துவிட்டால் கூட்டுவதும் குறைப்பதும் ஒரே ஃபேடரில் (மேலும் கீழும் தள்ளும் லெவல் கட்டையில்) அடங்கிவிடும்.

முதலில் எஃபெக்ட் இல்லாமலே குரலைச் சரி செய்யுங்கள். கெயின் (மைக்கிலிருந்து வரும் ஒலியின் அளவு), லோ கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது), இக்யூ (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) முடிந்து குரல் தெளிவாக வந்த பிறகு ரிவெர்பைத் தொடலாம்.

தனி எஃபெக்ட் யூனிட் வைத்திருந்தால் மிக்சரின் ஆக்ஸ் செண்டிலிருந்து (சேனல்களின் ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் வழி) யூனிட்டின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், அதன் அவுட்புட்டிலிருந்து மிக்சருக்கு இரண்டு கேபிள். திரும்பி வருவதை ரிட்டர்ன் ஜாக்கில் செருகுவதைவிட, காலியாக இருக்கும் ஸ்டீரியோ லைன் சேனலில் செருகுங்கள், இக்யூவும் லெவலும் மியூட்டும் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒன்று, அந்த சேனலில் அதே ஆக்ஸ் குமிழ் முழுக்க மூடியிருக்க வேண்டும். திறந்தால் யூனிட்டிலிருந்து வந்த ஒலி மறுபடி யூனிட்டுக்கே போய், சுற்றிச் சுற்றிப் பெருகி, ஊளையிட ஆரம்பித்துவிடும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போல உள்ளேயே 24 எஃபெக்ட் உள்ள மிக்சர் என்றால் இந்தக் கேபிள் வேலையே இல்லை, ப்ரோகிராமைத் தேர்ந்தெடுத்துவிட்டு சேனலின் எஃப்எக்ஸ் குமிழையும் எஃப்எக்ஸ் ரிட்டர்ன் லெவலையும் திறந்தால் போதும்.

எஃபெக்டுக்கு எடுக்கும் ஆக்ஸ் போஸ்ட் ஃபேடராக, அதாவது சேனல் ஃபேடருக்குப் பிறகு ஒலியை எடுப்பதாக இருக்கட்டும். ஃபேடருக்கு முன்பே எடுக்கும் ப்ரீ ஃபேடரில் வைத்தால் பாடகரின் ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும் அவருடைய ரிவெர்ப் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். யூனிட்டில் மிக்ஸ் என்று ஒரு அளவு இருக்கும், அதை 100 சதவீதம் எஃபெக்ட் பக்கம் தள்ளிவிடுங்கள். நேரடிக் குரல் ஏற்கெனவே மிக்சரில் போகிறது, அதுவே யூனிட் வழியாகவும் ஒரு சில மில்லி விநாடி தாமதித்து வந்து சேர்ந்தால் குரல் மெலிந்துவிடும்.

அளவு இடத்தைப் பொறுத்தது. டைல்ஸ் ஒட்டிய கல்யாண மண்டபம் தானே எதிரொலிக்கும், அங்கே ஒரு விநாடிக்குள் அடங்கும் ப்ளேட் ரிவெர்ப் (உலோகத் தகட்டின் அதிர்வு போன்ற ஒலி) கொஞ்சமாகப் போட்டால் தாராளம். கோயில் திடலில் சுவரே இல்லை, 2 விநாடி ஹால் ரிவெர்ப்கூட (பெரிய அரங்கின் எதிரொலி போன்றது) அழகாக நிற்கும். ப்ரீ டிலேயை (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லி விநாடிக்குள் வைத்துப் பாருங்கள், வார்த்தை முதலில் வந்துவிடும், ரிவெர்ப் அதன் பின்னால் வரும். ரிட்டர்ன் சேனலில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கிக் டிரம், பேஸ் கிடார், தவிலின் கனத்த பக்கம் இவற்றுக்கு ரிவெர்ப் வேண்டாம், தாழ்ந்த ஒலிகள் கலங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது டிலேதான். பாட்டின் வேகத்தோடு பொருந்தினால் மேடையே விரிந்தது போல இருக்கும், பொருந்தாவிட்டால் தாளத்தோடு சண்டை போடும். கணக்கு எளிது: 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற பாட்டின் வேகம்) வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லி விநாடி. 100 பிபிஎம் பாட்டுக்கு 600, அரைத் தட்டுக்கு 300. தட்டும் வேகத்தை வைத்து டிலே நேரத்தை அமைக்கும் டேப் டெம்போ பட்டன் இருந்தால் டிரம்மரின் கையைப் பார்த்துத் தட்டினாலே போதும். பாட்டு முழுக்க டிலேயைத் திறந்து வைக்காமல், சரணம் முடியும் கடைசி வார்த்தையில் மட்டும் செண்ட் குமிழைத் திருப்பி உடனே மூடிவிடுங்கள், அந்த ஒரு வார்த்தை மட்டும் இசைக்குள் மிதந்து போகும். இதற்குப் பாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஒத்திகைக்குப் போவது நல்லது.

சவுண்ட் செக்கில் ரிட்டர்னை அடியிலிருந்து மெதுவாக ஏற்றி, ரிவெர்ப் தனியாகக் காதில் விழுந்த இடத்திலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். ஆள் நிறைந்த பிறகு மண்டபத்தின் எதிரொலி குறையும், அப்போது ஒரு முறை திரும்பப் பாருங்கள்.

அப்புறம் மானிட்டர், அதாவது பாடுபவர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். பாடகர் கேட்டால் அவருடைய மானிட்டரில் மட்டும் கொஞ்சம் ரிவெர்ப் கொடுங்கள், எல்லா மானிட்டரிலும் போட்டால் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து ஊளையிடுவது) சீக்கிரம் வந்துவிடும். பாட்டு முடிந்து தொகுப்பாளர் மைக்கை எடுத்ததும் ரிட்டர்ன் சேனலை மியூட் செய்யுங்கள், அடுத்த பாட்டு தொடங்கும்போது திறக்கலாம்.