டிரிக்ஸிக்குப் பழைய பொதியை மாற்றிக் கட்டுவது எப்படி?

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்குச் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடைகாட்டியில் இருந்து எண்ணை வாங்கும் பகுதி சி மொழியில், சீட்டு அச்சடிக்கும் பகுதி பைத்தானில். மூன்று கணினிகள், மூன்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். டிரிக்ஸி என்கிற டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானபோது பெங்களூரா ரக மாங்காய் வரத்து ஓய்ந்திருந்தது. சீசனில் இந்தக் கணினிகளைத் தொட்டிருந்தால் மாங்காய் லாரிகள் சாலைவரை வரிசை கட்டியிருக்கும்.

பொதி என்பது டெபியனில் நிறுவுவதற்காகக் கட்டிய மென்பொருள் மூட்டை. அதற்குள் கண்ட்ரோல் (தேவைகளின் பட்டியல்), ரூல்ஸ் (கட்டும் கட்டளைகள்), சேஞ்ச்லாக் (பதிப்பு வரலாறு) ஆகிய மூன்று கோப்புகளும் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அவற்றை டிரிக்ஸிக்கு ஏற்றபடி திருத்துவது மட்டுமே இங்கே பேச்சு.

முதல் வேலை: தினமும் புழங்கும் கணினியில் பொதி கட்டாதீர்கள். அதில் எப்போதோ எதற்கோ நிறுவிய நூலகங்கள் (பிற நிரல்கள் பயன்படுத்தும் பொதுவான நிரல்தொகுப்புகள்) கிடக்கும். கண்ட்ரோல் கோப்பில் நீங்கள் எழுத மறந்தது அங்கே தற்செயலாக இருந்துவிடும், பொதியும் கட்டிவிடும். வேறு கணினியில்தான் குட்டு உடையும். நான் எஸ்பில்ட் என்ற கட்டும் கருவியை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெறுந்தரையில் இருந்து தொடங்கும், கண்ட்ரோலில் கேட்டதை மட்டுமே உள்ளே விடும். கன்டெய்னரில் கட்டும் நண்பர்கள் உண்டு. அவர்களோடு வாதிட்டுக் களைத்துவிட்டேன்.

இரண்டாவது, கண்ட்ரோல் கோப்பு. டெபியன் 12இல் பைத்தான் 3.11, டிரிக்ஸியில் 3.13. பைத்தான் நிரல்களைக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ், இடையில் வந்த 3.12இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பைத்தான்3-டிஸ்ட்யூட்டில்ஸ் என்று எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டு, பைத்தான்3-செட்அப்டூல்ஸ் என்று போடுங்கள். உங்கள் செட்அப் கோப்பின் இம்போர்ட் வரியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இம்ப் என்ற பழைய மாட்யூலைப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் இல்லை, இம்போர்ட்லிப்புக்கு மாறுங்கள்.

இதே கோப்பில் நூலகப் பெயர்களைக் கையால் எழுதும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகள் 2038 ஜனவரியில் தடுமாறும் என்பதால், பல நூலகப் பொதிகள் டிரிக்ஸியில் பெயர் மாறி, வாலில் ‘டி64’ ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. எந்த நூலகம் தேவை என்பதைக் கட்டும் கருவியே கண்டுபிடித்து நிரப்பட்டும். அதற்குத்தான் ஷ்லிப்ஸ் என்ற மாறி இருக்கிறது.

மூன்றாவது, சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர். ஜிசிசி 12 இருந்த இடத்தில் இப்போது 14. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பழையது முணுமுணுத்துவிட்டுப் போய்விடும். புதியது பிழை என்று சொல்லி நின்றுவிடும். 1999ஆம் ஆண்டின் சி தரத்திலேயே நீக்கப்பட்ட பழக்கம் இது. என் நிரலில் நான்கு இடங்களில் இருந்தது. விட்டுப்போன ஹெடர் கோப்புகளைச் சேர்த்ததும் சரியானது. பிழையை மீண்டும் எச்சரிக்கையாக்கும் கொடியை ரூல்ஸ் கோப்பில் செருகிவிடத் தோன்றும். வேண்டாம். அறிவிக்காத ஃபங்ஷன் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் ஊகித்துக்கொள்ளும். அது உண்மையில் சுட்டியை, அதாவது நினைவக முகவரியைத் தருவதாக இருந்தால், 64 பிட் கணினியில் பாதி முகவரி வெட்டுப்பட்டுப் போகும்.

இனி, என் மாலைப்பொழுதை விழுங்கிய சேஞ்ச்லாக். இதுவரை சொன்ன தவறுகள் எல்லாம் கத்திக் காட்டிக்கொடுக்கும். இது வாயே திறக்காது.

ஆலைக் கணினிகளில் இருந்த பொதியின் பதிப்பெண் 1.4-1. டெபியனின் பொதிகளில் அலைக்குறி (~) போட்ட பதிப்பெண்களையும் கூட்டல் குறி போட்டவற்றையும் பார்த்திருந்தேன். இரண்டும் அலங்காரம் என்றே நினைத்தேன். புதியதற்கு 1.4-1~டெப்13யு1 என்று பெயரிட்டேன். பொதி பிழையின்றிக் கட்டியது, பொதிகளைச் சோதிக்கும் லின்டியனும் குறை சொல்லவில்லை. முதல் கணினியை டிரிக்ஸிக்கு மாற்றிவிட்டு பொதிகளைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்கிரேட் கட்டளையைக் கொடுத்தால், மேம்படுத்த எதுவுமில்லை என்கிறது. சர்வரைச் சந்தேகித்தேன், கையொப்பச் சாவியைச் சந்தேகித்தேன், கடைசியில் நெட் கேபிளைக்கூடப் பிடுங்கிச் செருகினேன்.

அலைக்குறி பதிப்பைக் கீழே இறக்கும். அதற்குப் பின்னால் எது வந்தாலும், அதே எண்ணின் அலைக்குறி இல்லாத பதிப்பைவிட அது பழையது என்றே, பொதிகளை நிறுவும் டிபிகேஜி கணக்கிடும். 1.4-1~டெப்13யு1 என்பது 1.4-1ஐவிடப் பழையது. புதியது ஏற்கெனவே இருக்கும்போது பழையதை ஆப்ட் ஏன் போடப்போகிறது? கூட்டல் குறி நேர்மாறு, 1.4-1+டெப்13யு1 என்றால் மேலே ஏறும்.

நான் தேர்ந்த வழி: 1.4-2~டெப்12யு1, 1.4-2~டெப்13யு1 என்று இரண்டு பொதிகள். முன்னால் 2 வந்துவிட்டதால் இரண்டுமே 1.4-1ஐவிடப் புதியவை. 12ஐவிட 13 பெரிது என்பதால், கணினி டிரிக்ஸிக்கு நகரும்போது பொதியும் தானாக நகரும். டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் என்ற விருப்பத்தேர்வில் இரண்டு எண்களையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் இப்போது நான் எதையும் வெளியிடுவதில்லை.

சேஞ்ச்லாக் வரிகளைக் கையால் தட்டாமல் டிசிஹெச் கருவியிடம் விடுங்கள். கடைசி வரியில் தேதிக்கு முன்னால் இரண்டு இடைவெளி வேண்டும் என்பதை எல்லாம் நாம் ஏன் நினைவில் சுமக்க வேண்டும்? ரூல்ஸ் கோப்பிலும் கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும். டேப்பை இடைவெளியாக மாற்றும் எடிட்டர்களை அந்தக் கோப்பின் பக்கமே விடாதீர்கள். எனக்கு விம் போதும்.

சோதிக்கும்போது புதிய டிரிக்ஸியில் நிறுவிப் பார்ப்பது மட்டும் போதாது. டெபியன் 12இல் பழைய பொதியைப் போட்டு, முழு அமைப்பையும் 13க்கு உயர்த்திப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் அலைக்குறி வீட்டிலேயே அகப்பட்டிருக்கும்.

பிற்சேர்க்கை: வட்டில் தாராளமாக இடமிருந்தும், கட்டும்போது ‘இடமில்லை’ என்று நின்றுவிடுகிறது என ஓசூரில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவர் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறைக்குள் கட்டியிருக்கிறார். டிரிக்ஸியில் அது இயல்பாகவே வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது; மொத்த நினைவகத்தில் பாதிவரைதான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி கணினியில் 4 ஜிபி. ஹோம் கோப்புறைக்குள் கட்டச் சொன்னேன், கட்டிவிட்டது. புதிதாக நிறுவிய டிரிக்ஸியில் டெம்ப்புக்குள் பத்து நாள் தொடாமல் கிடக்கும் கோப்புகளும் அழிக்கப்படும். கட்டி முடித்த பொதிகளை அங்கே சேர்த்துவைத்திருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.