ஒரு திரை நிறையக் காணொளி, மறு திரையில் வேலை: தொடக்கநிலையினருக்கான செய்முறை

நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்ட உரை நேரலையாக ஓடுகிறது. உங்களுக்கோ முடிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய மேசையிலும் மடிக்கணினியோடு இன்னொரு திரையை வைத்துக்கொண்டால் இரண்டையும் சேர்த்துக் கவனிக்கலாம். இதற்கென மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். முதலில் காணொளி ஓடும் சாளரத்தை (விண்டோவை) மறு திரைக்கு நகர்த்த வேண்டும், அதன் பிறகே முழுத்திரையாக்க வேண்டும். இந்த வரிசை மாறினால்தான் குழப்பம்.

படி 1: இணைப்பு

படத்தையும் ஒலியையும் திரைக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ வயர் போதும். யூஎஸ்பி-சி துளை என்றால் கவனம் தேவை; சில துளைகள் மின்னேற்றத்துக்கும் கோப்புகளை அனுப்பவும் மட்டுமே பயன்படும், படத்தை அனுப்பாது. சிம் லிம் ஸ்குவேரில் வயர் வாங்கப் போகுமுன் மடிக்கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: திரையை நீட்டித்தல்

விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டூப்ளிகேட்’ என்று இருந்தால் இரண்டு திரைகளிலும் ஒரே படம்தான் தெரியும். சுட்டி தவறான பக்கம் போனால், டிஸ்ப்ளே அமைப்புகளில் 1, 2 என்ற கட்டங்களை மேசையில் திரைகள் இருக்கும்படியே இழுத்து வையுங்கள்.

படி 3: காணொளியைத் தனிச் சாளரமாக்குதல்

பலர் தடுமாறும் இடம் இதுதான். மின்னஞ்சல், அலுவலக ஆவணம், காணொளி எல்லாம் ஒரே குரோம் சாளரத்தில் தாவல்களாக (டேப்) இருந்தால், காணொளியை முழுத்திரையாக்கியதும் மற்றவையும் அதன் பின்னால் மறைந்துவிடும். ஆகவே, காணொளி இருக்கும் தாவலை மட்டும் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்து விடுங்கள். அது தனிச் சாளரமாகப் பிரியும். பிறகு விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால், சாளரம் அடுத்த திரைக்குத் தாவும்.

படி 4: முழுத்திரை

யூடியூப்பில் ‘எஃப்’ விசை போதும். மீவாட்ச் காணொளித் தளத்தில் வசந்தம் ஒளிவழியைப் பார்ப்பவர்கள் காணொளியின் மூலையில் உள்ள முழுத்திரைக் குறியை அழுத்தலாம். இனி மறு திரையில் தயங்காமல் வேலை செய்யுங்கள்; காணொளி சுருங்காது. இணையக் காணொளிகளை ஓட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருள் இருந்த காலத்தில் வேறெங்காவது சொடுக்கினாலே முழுத்திரை கலைந்துவிடும். 2020 இறுதியோடு ஃபிளாஷ் விடைபெற்றுவிட்டது. அந்தப் பழைய அச்சம் இனி வேண்டாம்.

காணொளியை நிறுத்த ஸ்பேஸ் விசையைத் தட்டினால், வேலை செய்துகொண்டிருக்கும் ஆவணத்தில் இடைவெளிதான் விழும். விசைப்பலகையில் ஊடகத்துக்கென உள்ள நிறுத்து விசையைப் பயன்படுத்துங்கள். அது இருக்கும் இடத்திலிருந்தே வேலை செய்யும். என்னைக் கேட்டால், விசைப்பலகை வாங்கும்போதே அந்த விசை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஒலி திடீரென நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். எச்டிஎம்ஐ வழியே ஒலியும் புதிய திரைக்குப் போயிருக்கும். அதில் ஒலிபெருக்கி இல்லையென்றால் எதுவும் கேட்காது. ஒலி அமைப்பில் மடிக்கணினியின் ஒலிபெருக்கியையோ ஹெட்ஃபோனையோ தேர்ந்தெடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

முழுத்திரையாக்கியதும் மறு திரை கறுத்துப் போகிறதா? சிஸ்டம் செட்டிங்ஸில் ‘டெஸ்க்டாப் அண்ட் டாக்’ பகுதிக்குச் சென்று, மிஷன் கண்ட்ரோலின் கீழ் உள்ள ‘டிஸ்ப்ளேஸ் ஹேவ் செபரேட் ஸ்பேசஸ்’ என்பதை இயக்குங்கள். கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். அதனால் திறந்திருக்கும் ஆவணங்களை முதலில் சேமித்துவிடுங்கள்.