யோக், த்ராட்டில் வாங்கியாச்சு, ஆனா ஃப்ளைட் நேரா போக மாட்டேங்குதா?

கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்ட யோக்கை (விமானத்தோட ஸ்டியரிங் மாதிரியான கைப்பிடி) மேசைல மாட்டி முதல் தடவை டேக் ஆஃப் பண்றப்போ நிறைய பேருக்கு ஒரே அனுபவம்தான், இழுத்தா மூக்கு ஜிவ்வுனு மேல போகும், பயந்து அமுக்கினா கீழ குத்தும், கொஞ்ச நேரத்துல கை வலிக்க ஆரம்பிச்சிடும். எனக்கும் முதல் ரெண்டு வாரம் இப்படித்தான் போச்சு. பெரும்பாலும் யோக்ல குறை இருக்காது, செட்டிங்ஸ்லயும் ட்ரிம்லயும்தான் (யோக்கைப் பிடிச்சுக்கிட்டே இருக்காம மூக்கை ஒரே நிலைல நிக்க வைக்கற அட்ஜஸ்ட்மெண்ட்) இருக்கு விஷயம். செஸ்னா 172ங்கற சின்ன விமானத்தை வச்சே சொல்றேன், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோ எக்ஸ்-பிளேனோ, அடிப்படை ஒண்ணுதான்.

மாட்டறப்போ யோக் நெஞ்சுக்கு நேரா, மடிக்கு கொஞ்சம் மேல இருக்கணும், தோளைத் தூக்கிப் பிடிக்கிற உயரத்துல வேணாம். த்ராட்டில் (இஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கற லீவர்) வலது பக்கம், ஏன்னா செஸ்னால பைலட் இடது சீட்ல உக்காந்து இடது கையால யோக்கும் வலது கையால த்ராட்டிலும் பிடிப்பாங்க. யூஎஸ்பியை முடிஞ்சா நேரா கம்ப்யூட்டர்லயே சொருகுங்க. நடுவுல கனெக்ஷன் போய் போய் வந்தா விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல அந்த யூஎஸ்பி ஹப்போட பவர் சேவிங் டிக்கை எடுத்துடுங்க.

சிமுலேட்டரைத் திறக்கறதுக்கு முன்னாடி விண்டோஸ் சர்ச்ல கேம் கண்ட்ரோலர்னு அடிச்சு அந்த டெஸ்ட் விண்டோவைப் பாருங்க. யோக்கை முழுசா திருப்பி, இழுத்து, தள்ளி, விட்டா புள்ளி நடுவுக்கு வரணும். அங்கயே துள்ளுச்சுன்னா சென்சார்ல தூசி இருக்கலாம், சிமுலேட்டர்ல என்ன மாத்தியும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது ரொம்ப முக்கியம். ஒரே ஆக்ஸிஸ், அதாவது ஒரே கண்ட்ரோலோட அசைவு, ரெண்டு டிவைஸ்ல இருக்கக் கூடாது. என் ஃப்ளைட் தானா இடது பக்கம் சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு, யோக்தான் போச்சுன்னு நெனச்சு கேலிப்ரேஷன் மேல கேலிப்ரேஷனா பண்ணிட்டு இருந்தேன், கடைசில பாத்தா சொருகி வச்ச பழைய கேம்பேட்லயும் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டுல சாய்க்கறது) ஆக்ஸிஸ் இருந்திருக்கு, அதோட குச்சி லேசா ஒரு பக்கம் இழுத்துட்டு இருந்துச்சு. கண்ட்ரோல்ஸ் பக்கத்துல ஒவ்வொரு டிவைஸா போய் எய்லரான், எலிவேட்டர் (மூக்கை ஏத்தி இறக்கறது), த்ராட்டில் எங்கெங்க இருக்குன்னு பாத்து வேண்டாததை அழிச்சிடுங்க.

சென்சிடிவிட்டி, அதாவது யோக்கை அசைச்சா விமானம் எவ்ளோ வேகமா கேக்கும்ங்கற செட்டிங், உங்க யோக் எவ்ளோ திரும்புதுங்கறதைப் பொறுத்தது. ஹனிகோம்ப் ஆல்ஃபா மாதிரி மொத்தம் 180 டிகிரி திரும்பறதுன்னா நேர்கோடாவே விட்டுடலாம், லாஜிடெக் மாதிரி 90 டிகிரிதான்னா மைனஸ் 20, மைனஸ் 30 வச்சுப் பாருங்க, நடுவுல மென்மையாகும். டெட் ஸோன் (நடுவுல யோக்கை அசைச்சாலும் எதுவும் ஆகாத இடம்) 2, 3 சதவீதத்துக்கு மேல வேணாம், அதிகமாச்சுன்னா லேண்டிங்ல சின்னத் திருத்தமே பண்ண முடியாது.

த்ராட்டில்ல மூணு லீவர் இருந்தா கறுப்பு த்ராட்டில், நீலம் ப்ரொபெல்லர், சிவப்பு மிக்ஸ்சர் (இஞ்சினுக்குப் போற எரிபொருள், காத்து கலவை), நிஜ விமானத்துலயும் இதே கலர்தான். 172ல ப்ரொபெல்லரோட பிட்ச் (இறக்கைகளோட கோணம்) மாறாது, அதனால நீலத்தை ஃப்ளாப்ஸுக்குக் (மெதுவா பறக்க விமான இறக்கையோட பின்பக்கம் இறங்கற பலகை) குடுத்துடலாம். முன்னாடி தள்ளினா பவர் குறையுதுன்னா ரிவர்ஸ் ஆக்ஸிஸ் டிக் பண்ணுங்க. அவசரத்துல த்ராட்டில்னு நெனச்சு சிவப்பை முழுசா இழுத்தா இஞ்சின் நின்னுடும், லீவரைத் தொட்டதுமே எதுன்னு கைக்குத் தெரியற அளவுக்குப் பழகிக்கோங்க. இன்னொண்ணு, தரைல யோக்கைக் கார் ஸ்டியரிங் மாதிரி திருப்பினா வண்டி திரும்பாது, அது கால்ல மிதிக்கற ரடர் பெடல் வேலை. பெடல் இல்லைன்னா ரடரை யோக்ல ரெண்டு பட்டனுக்குக் குடுத்துட்டு ஆட்டோ ரடரை ஆன் பண்ணி வைங்க.

இப்போ ட்ரிம். இதுதான் நான் சொல்ல வந்ததே. வீட்டு யோக்ல ஸ்ப்ரிங் எப்பவும் நடுவுக்கே இழுக்கும், நிஜத்துல ட்ரிம் திருப்பத் திருப்ப கைல இருக்கற பாரம் தானா குறையும். அதனால வீட்ல வேற மாதிரி பழகணும். 3000 அடில லெவலா போயிட்டு 2300 ஆர்பிஎம் வைங்க, மூக்கு எங்க இருக்கணுமோ அங்க யோக்கால பிடிங்க, வேகம் ஒரே இடத்துல நிக்கற வரைக்கும் காத்திருங்க, அப்புறம் ட்ரிம் பட்டனை டக் டக்குனு தட்டிக்கிட்டே யோக்கை கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்கு விடுங்க. கையை எடுத்தாலும் மூக்கு அசையலன்னா ட்ரிம் சரி. ட்ரிம்மாலயே மூக்கை ஏத்தி இறக்கப் பாக்காதீங்க, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். முதல்ல யோக், அப்புறம்தான் ட்ரிம்.

சரியா ட்ரிம் பண்ணிட்டு யோக்கைத் தொடாம த்ராட்டிலை மட்டும் 1800க்குக் குறைச்சுப் பாருங்க, மூக்கு தானா இறங்கி ரெண்டு மூணு தடவை ஆடி, கிட்டத்தட்ட பழைய வேகத்துலயே கீழ இறங்க ஆரம்பிக்கும். உயரத்தை த்ராட்டில் பாத்துக்கும், வேகத்தை மூக்கு பாத்துக்கும்னு சொல்றது இதைத்தான். கைல இது புரிஞ்ச அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம், அதுக்காகவே அரை மணி நேரம் சும்மா ஏறி இறங்கிட்டு இருந்தேன்.

லேண்டிங்லயும் இதேதான். முழு ஃப்ளாப்ஸ் போட்டு 65 நாட் (விமான வேகத்தோட அளவு) வேகத்துக்கு ட்ரிம் பண்ணிட்டு யோக்கை விரல்ல லேசா பிடிங்க, ரன்வே கீழ போற மாதிரி தெரிஞ்சா பவரைக் குறைங்க, மேல போற மாதிரி தெரிஞ்சா கூட்டுங்க. ரன்வே மேல வந்ததும் த்ராட்டிலை மெதுவா முழுசா மூடிக்கிட்டே யோக்கை இழுங்க, அவசரப்படாம. பின் சக்கரம் தொட்டதும் யோக்கை சட்டுனு விட்டா மூக்கு தொப்புனு விழும், முன் சக்கரம் தானா இறங்கற வரைக்கும் பிடிச்சே இருங்க.