கிரேக்கத் தீவுகளுக்கு மாணவர் கல்விப் பயணம்: காற்றைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் துறையிலிருந்து இப்படியொரு பொறுப்பு வந்து சேரும்: "பதினைந்து பேர், ஒரு வாரம், கிரீஸ் தீவுகள். நீ ஏற்பாடு செய்." எனக்கும் வந்தது. விமானச் சீட்டு எடுப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. கப்பல், காற்று, தொல்லிடம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குவதுதான் இங்கே வேலை.

படி 1: மாதம்

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் முதல் வாரம் வரை, இல்லாவிட்டால் செப்டம்பர் பின்பாதி. ஜூலை, ஆகஸ்டில் மெல்தேமி என்ற வடகாற்று ஏஜியன் கடலைப் புரட்டி எடுக்கும். அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் பாதிப் படகுகள் ஓடாது. தேதி குறிக்கும் முன் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் எப்போது என்று பாருங்கள், அது பெரும்பாலும் நம் நாட்காட்டியில் போட்டிருக்கும் ஈஸ்டர் அல்ல. ஈஸ்டர் ஞாயிறும் மே 1-ம் அரசுத் தொல்லிடங்கள் அனைத்துக்கும் விடுமுறை.

படி 2: தீவுகள்

ஒரு வாரத்துக்கு மூன்று தீவுகள் போதும். ஐந்து போட்டால் துறைமுகங்களைத்தான் ஆராய்ச்சி செய்துவிட்டு வருவீர்கள். என் தேர்வு மிக்கொனோஸ் (பக்கத்தில் உள்ள டெலோஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் நிறைந்த சிறு தீவுக்காக மட்டும்), நக்சோஸ், சாண்டொரினி. அதிக இரவுகளை நக்சோஸுக்குக் கொடுங்கள். சுற்றுலாவை மட்டும் நம்பாமல் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விளைவித்து வாழும் தீவு அது. மாணவர்கள் ஊர்க்காரர்களிடம் பேச வேண்டுமென்றால் சாண்டொரினியைவிட அங்கே பத்து மடங்கு வாய்ப்பு.

படி 3: டெலோஸ் நாள் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

பலருடைய திட்டம் இந்த இடத்தில்தான் உடையும், எங்களுக்கும் இங்கேதான் இடித்தது. டெலோஸில் விடுதி கிடையாது, இரவு தங்க அனுமதியும் கிடையாது. மிக்கொனோஸ் பழைய துறைமுகத்திலிருந்து சிறு படகில் சுமார் அரை மணி நேரம் போய், குறித்த நேரத்துப் படகில் திரும்பியாக வேண்டும். நாங்கள் போன அன்று பெரிய கப்பல்கள் எல்லாம் வழக்கம்போல் வந்து போய்க்கொண்டிருந்தன. டெலோஸ் படகுச் சாளரத்தில் மட்டும் "இன்று இல்லை" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரிய கப்பல் ஓடுகிறதே என்று நம்பக் கூடாது. சிறு படகு அதைவிடக் குறைந்த காற்றிலேயே நின்றுவிடும்.

ஆகவே இப்படி அடுக்குங்கள்:

மிக்கொனோஸில் இரண்டு இரவுகள். முதல் முழுக் காலையை டெலோஸுக்கு வையுங்கள். மறுநாள் காலையைக் காலியாக விடுங்கள், அதுதான் மாற்று நாள். நக்சோஸ் கப்பலை அந்த இரண்டாம் நாள் மாலைக்குத்தான் எடுக்க வேண்டும். இதில் எந்த நாளும் திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று படகுச் சேவை குறைவு அல்லது இல்லை. படகுச் சீட்டு வேறு, தொல்லிட நுழைவுச் சீட்டு வேறு; இரண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

காற்றுக்கு நான் பார்ப்பது விண்டி செயலி. அதில் வேகத்தை பியூஃபோர்ட் எண்ணாக (காற்றின் வலுவை 0 முதல் 12 வரை சொல்லும் அளவு) மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எல்லோரும் அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். காற்று மிகக் கூடினால் கடலோரக் காவல்துறை கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவிடும். அதிவேகக் கப்பல்கள் முதலில் நிற்கும், பெரிய மெதுவான கப்பல்கள் கடைசியில். பயணத்தில் அரை நாள் கூடினாலும் பரவாயில்லை என்று மெதுவான கப்பலையே எடுக்கிறேன். விலையும் குறைவு, திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து வரலாம்.

கப்பல் ரத்தானால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு கப்பலில் இடம் தருவார்கள். ஆனால் காரணம் வானிலை என்றால் அன்றிரவு அறை வாடகை உங்கள் தலையில்தான். அதற்கென்று பொதுப் பணத்தில் ஓர் இரவுச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள். விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஏதென்ஸில் இருக்க வேண்டும். அந்த நாள் வீண் இல்லை. சாண்டொரினியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரான அக்ரோதிரியில் கிடைத்த வசந்தகாலச் சுவரோவியமும் குத்துச்சண்டைச் சிறுவர்கள் ஓவியமும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

படி 4: கப்பல் ஏறி இறங்குவது

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகம் மிகப் பெரியது, வாயில்களுக்கு எண் உண்டு. உங்கள் வாயில் எண்ணை முந்தின இரவே உறுதி செய்யுங்கள். சில கப்பல்கள் ரஃபினா என்ற வேறு துறைமுகத்திலிருந்து கிளம்பும், டிக்கெட்டில் எது என்று பாருங்கள். கப்பல் நேரங்களை ஒப்பிட ஃபெர்ரிஹாப்பர் இணையதளம் போதும். கப்பல் இப்போது எங்கே வருகிறது என்று பார்க்க மரைன்டிராஃபிக்.

ஏறியதும் பெட்டிகளை வண்டித் தளத்தில் உள்ள அடுக்குகளில் வைக்க வேண்டும். தீவின் பெயர் எழுதியிருக்கும், உங்கள் தீவின் அடுக்கிலேயே வையுங்கள். இறங்கும்போது அறிவிப்பு வந்தவுடன் கீழே போய்விடுங்கள். டீசல் வாடையும் லாரிகளின் உறுமலுமாக இருட்டில் நிற்பீர்கள். கப்பல் கரையை ஒட்டும் முன்பே பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு சாயத் தொடங்கும், வெளிச்சம் கீழிருந்து உள்ளே வரும், பணியாளர்கள் "வா, வா" என்று கத்துவார்கள். இடைத் தீவுகளில் சில நிமிடங்கள்தான் நிற்கும். மேலே காபி குடித்துக்கொண்டிருப்பவர் அடுத்த தீவில்தான் இறங்குவார்.

படி 5: தொல்லிடத்தில் என்ன செய்வது

"சுற்றிப் பாருங்கள்" என்று விட்டால் எல்லோரும் டெலோஸின் கல் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொண்டு நிழல் தேடுவார்கள். அங்கே நிழலும் கிடையாது. இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கேள்வி கொடுங்கள். எனக்குப் பிடித்தது தண்ணீர்க் கேள்வி: ஆறில்லாத இந்தச் சிறு தீவில் நகரம் எதைக் குடித்தது? வீட்டு முற்றங்களுக்கு அடியில் தொட்டி இருக்கும். அரங்கத்தின் பக்கத்தில் கல் வளைவுகள் தாங்கிய பெரிய மழைநீர்த் தொட்டி இருக்கிறது, இன்றும் தண்ணீர் தேங்கி நிற்கும்.

இன்னொரு கேள்வி, இந்த ஊர் ஏன் இப்படிப் பெருத்தது? கி.மு. 478-ல் ஏதென்ஸ் தலைமையில் கிரேக்க நகரங்கள் சேர்ந்து அமைத்த டெலோஸ் கூட்டணியின் கருவூலம் இங்கே இருந்தது. கி.மு. 454-ல் அதை ஏதென்ஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ரோமானியர் இதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்க, வணிகமும் அடிமைச் சந்தையும் வீங்கின. கி.மு. 88-லும் 69-லும் நடந்த சூறையாடல்களுக்குப் பின் ஊர் எழவில்லை. (கி.மு. 426-ல் ஏதென்ஸ் இங்கிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி ரெனேயா தீவுக்கு மாற்றி, இனி இங்கே பிறப்பும் இறப்பும் கூடாது என்று விதித்தது. கடைசிப் படகுக்கு ஓடும் மாணவர்களிடம் இதைச் சொன்னால் வேகம் கூடும்.)

நக்சோஸில் போர்த்தாரா என்ற பழைய கோயிலின் பளிங்கு வாசலைவிட அப்பொலோனாஸ் கிராமத்துப் பழைய கல் குவாரியைத்தான் பரிந்துரைப்பேன். 10 மீட்டருக்கு மேல் நீளமான முடியாத சிலை, செதுக்கிய இடத்திலேயே மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து உளித்தடங்களை வரையச் சொல்லுங்கள். பென்சிலும் கெட்டி அட்டையும் கிளிப்பும் போதும். அந்த வெயிலில் டேப்லெட் திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

அக்ரோதிரி கூரைக்குள் இருப்பதால் நண்பகலுக்கு வையுங்கள். 1967-ல் கிரேக்கத் தொல்லியலாளர் மரினாத்தோஸ் தொடங்கிய அகழாய்வு அது. எரிமலைச் சாம்பல் மூடிய அந்த ஊரில் இத்தாலியின் பொம்பேயில் போல மனித உடல்கள் கிடைக்கவில்லை, மக்கள் முன்பே வெளியேறிவிட்டார்கள்.

படி 6: ஊரோடு ஒட்டுவது

கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரை சட்டப்படி அமைதி நேரம். அந்த நேரத்தில் கதவைத் தட்டிப் பேட்டி கேட்காதீர்கள். ஆறு மணிக்கு மேல் மலைக் கிராமத்துக் காபிக் கடையில் உட்காருங்கள். நக்சோஸின் அபெய்ராந்தோஸ் பகுதியில் எமரி என்ற சாணைக்கல் சுரங்கங்கள் இருந்தன. மலையிலிருந்து முத்சூனா துறைக்குக் கல்லைக் கம்பிவடத்தில் இறக்கிய தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தத் தூண்களைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் தாமாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"மாணவர் அட்டை காட்டினால் இலவசமா?" ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 25 வயது வரை அரசுத் தொல்லிடங்களில் இலவசம், அதற்குக் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. உங்கள் குழுவில் இரு வகையினரும் இருந்தால் செலவைத் தனித்தனியே கணக்கிடுங்கள்.

"ஜெர்மனி வதிவிட அனுமதி போதுமா?" செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் அனுமதி அட்டையும் இருந்தால், 180 நாளில் 90 நாள் வரை தனி விசா தேவையில்லை. அட்டை புதுப்பிப்பில் இருக்கிறது என்பவர் முன்கூட்டியே சொல்லட்டும்.

"சைவத்துக்கு என்ன வழி?" பட்டினி கிடக்க வேண்டாம். நோன்புச் சாப்பாடு என்ற பொருளில் "நிஸ்தீசிமா" என்று கேளுங்கள், இறைச்சி, பால், முட்டை இல்லாதது வரும். ஆனால் கணவாயும் இறாலும் அதில் அடங்கும், அதனால் அது வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சாண்டொரினியில் ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு மசியல் கிடைக்கும். அதோடு ரொட்டியும் தக்காளி வடையும் வாங்கினால் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.