வீட்டுப்பாடத்தில் மகனை உட்கார வைத்தது எப்படி: என் அனுபவம்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் கணக்கு நோட்டைத் திறந்தால் பென்சில் சீவவே கால் மணி நேரம் ஆகும்; அப்புறம் தண்ணீர், அப்புறம் ஜன்னல். எனக்குக் கைகொடுத்தது பிரேமாக் விதி. பிள்ளை தானாக ஓடிப்போய்ச் செய்வதை, செய்யத் தயங்குவதற்குப் பின்னால் வைப்பது. டேவிட் பிரேமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதியது.

பக்கத்தை மொத்தமாகக் கொடுக்காமல் ஐந்தைந்து கணக்காகப் பிரித்தேன். ஐந்து முடிந்த கையோடு காலண்டரில் ஒரு ஸ்டார். எல்லாம் முடிந்தால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சைக்கிள். முதலில் ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரை என்றுதான் நினைத்தேன். ஆனால் எட்டு வயதுக்கு ஞாயிறு ரொம்ப தூரம், பரிசு அன்றைக்கே வேண்டும். பாராட்டும்போது, "கடன் வாங்கிக் கழித்ததைச் சரியாகப் போட்டிருக்கிறாயே" என்று செய்ததைக் குறிப்பிட்டே சொல்வேன்.

முடிக்காவிட்டால் அன்று சைக்கிள் இல்லை, அவ்வளவுதான். திட்டு, அடி கிடையாது. வாங்கிய ஸ்டாரைப் பிடுங்குவதும் இல்லை. மாமியார், "பாவம்மா, விடேன்" என்பார். "இன்னிக்கு விட்டா நாளைக்கு நம்ம பேச்சை நம்ப மாட்டான் அத்தை" என்று சொல்லி அவரையும் என் பக்கம் சேர்த்துக்கொண்டேன்.

கணக்கு பழகிவிட்டதால் அதற்கு ஸ்டாரைக் குறைத்து வருகிறேன். தமிழ்க் கட்டுரைக்கு மட்டும் இன்னும் தொடர்கிறது.